ஊழியத்துக்கு வருகிறவரை எங்கே குடிவைப்பது: மிஷன் காம்பவுண்டா, வாடகை வீடா, மாடி போர்ஷனா?

இந்த வருடம் மட்டும் மூன்று சபைக்குழுக்களிலிருந்து எனக்கு ஒரே கேள்வி வந்தது. "டீச்சர், வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு ஒருத்தர் வர்றாங்க. ரெண்டு வருஷம் இருப்பாங்க. எங்கே தங்க வைக்கிறது?" ஒன்று சீர்காழிப் பக்கம், ஒன்று கும்பகோணம், இன்னொன்று திருத்துறைப்பூண்டி. மூன்று பேருக்கும் போனில் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

பொறையார் பக்கம் எங்கள் சபையில் இருபது வருடத்துக்கு மேலாக இது என் பொறுப்பு. வருகிறவருக்கு வீடு பார்ப்பது, அடுப்பு ஏற்பாடு செய்வது, முதல் சில வாரம் கூடவே கடைக்குப் போவது. நர்ஸ், பாடம் சொல்லித்தர வந்தவர், குழந்தைகளோடு வந்த தம்பதி, மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பையன் என்று பலரைக் குடிவைத்திருக்கிறேன். சிலர் இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டுப் போனார்கள். சிலர் வந்த அன்று எப்படி விருந்தாளியோ, கிளம்பிய அன்றும் அப்படியே இருந்தார்கள். ஆட்களின் குணம் ஒரு காரணம்தான். ஆனால் எந்த வீட்டில் வைத்தோம் என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

## வீடு பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

வாடகையைக் கடைசியில் பாருங்கள். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், அப்புறம் மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிப் போகிறது.

முதல் கேள்வி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள அந்த வீடு இடம் கொடுக்குமா? மளிகைக் கடை, பால், காய்கறி, மாவு மில், தபால் ஆபீஸ், பஸ் ஸ்டாப் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இது வசதிக்காக மட்டும் இல்லை, பாஷைக்காக. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுட்சௌவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது அவர்களுக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தங்கள் வீட்டுக்கே வரச் சொல்லி, அந்தப் பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார்கள். 1715க்குள் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அதே தரங்கம்பாடியில் தமிழில் அச்சாகிவிட்டது. தினமும் ஜனங்களோடு புழங்காமல் அது நடந்திருக்காது.

இரண்டாவது, தண்ணீரும் கரண்ட்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று அந்தத் தெருப் பெண்களிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க" என்றுதான் சொல்வார்.

மூன்றாவது, காகிதம். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான்காவது, யாருடைய நேரம் செலவாகப் போகிறது? சபைக் கணக்கில் ஏறாத செலவு இது. கேஸ் ஆபீசுக்கு ஓடுகிற தம்பி, கேன் தண்ணீர் தூக்கி வைக்கிற உபதேசியார் (போதகருக்குத் துணையாகச் சபை வேலை பார்ப்பவர்), ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிற அக்கா, இவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. ஆறு மாதம் சந்தோஷமாகச் செய்வார்கள். பிறகு போனை எடுக்கமாட்டார்கள். அதில் அவர்கள்மேல் தப்பும் இல்லை.

ஐந்தாவதை வெளிப்படையாகச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஒரு தெருவின் பெயரைச் சொன்னாலே அதில் குடியிருப்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எந்தத் தெருவில் வீடு பிடிக்கிறீர்களோ, அதை வைத்துத்தான் அந்த வீட்டுப் படி யார் ஏறுவார்கள், யார் வாசலிலேயே நின்றுவிட்டுப் போவார்கள் என்பது தீர்மானமாகிறது. காலனியிலிருந்து வருகிற அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தயங்குகிற தெரு என்றால், வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

## மிஷன் காம்பவுண்ட்

ஆலயமும் அந்தக் காலத்து மிஷனரி பங்களாவும் சேர்ந்த சபை வளாகத்தைத்தான் மிஷன் காம்பவுண்ட் என்கிறோம். பெரும்பாலான சபைகள் யோசிக்காமல் எடுக்கிற முடிவு இது. இடம் நம்முடையது, அட்வான்ஸ் இல்லை, ஆலயம் பக்கத்திலேயே இருக்கிறது, இரவில் காவலுக்கு ஆள் உண்டு. பழைய பங்களாவின் உயரமான கூரையும் அகலமான வராண்டாவும் சித்திரை வெயிலுக்கு நல்லதுதான். முகவரிக்குச் சபையே கடிதம் கொடுத்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு ஓடியாட இடம் இருக்கிறது. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் செலவு மறைந்திருக்கிறது. பங்களா பல வருடம் பூட்டிக் கிடந்திருக்கும். மர உத்தரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஐப்பசி மழையில் ஒழுகத் தொடங்கினால், அதைப் பூசத் தெரிந்த கொத்தனார் இப்போது கிடைப்பது கஷ்டம். மழைக் காலத்தில் வளாகத்துப் புதரிலிருந்து சாரையும் நல்லபாம்பும் வராண்டாவுக்கு ஏறும். வீட்டை ஒட்டி நிற்கிற பெரிய மரங்களை இப்போதே பாருங்கள். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் விஷயத்தில் ஒரு தப்பு நிறைய இடத்தில் நடக்கிறது. ஆலயத்து இணைப்பிலிருந்தே பங்களாவுக்கு ஒயர் இழுத்திருப்பார்கள். வழிபாட்டுத் தலத்துக்கு மின்வாரியத்தில் கட்டண வகையே வேறு. வீட்டு உபயோகத்துக்கு அதிலிருந்து எடுக்கக் கூடாது. வீட்டுக்கென்று தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

பணத்தில் இன்னொரு கண்ணி. பங்களாவில் தங்குகிறவர் மாதாமாதம் சபைக்கு ஏதாவது கொடுப்பார். அதை வாடகை என்று ரசீது போட்டு வாங்குவது ஒரு விதம், காணிக்கை என்று வாங்குவது வேறு விதம். வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கிற நன்கொடை, ரூபாய் நோட்டாக நம் ஊரிலேயே கையில் கொடுத்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்க முடியாது. அன்பாகக் கொடுக்கிறார், மறுத்தால் வருத்தப்படுவார் என்று வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு தணிக்கையில் முழித்த சபை ஒன்றை எனக்குத் தெரியும். ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம்கூட சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. காம்பவுண்டில் இருக்கிறவரை யாரும் ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள். "நீங்க ஏன் போறீங்க, தம்பி வாங்கிட்டு வருவான்." பாலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துணி இஸ்திரிக்குப் போய் மடித்து வந்துவிடும். அன்பினால்தான் செய்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஒரு தம்பதி எங்கள் பங்களாவில் இரண்டு வருடம் இருந்தார்கள். கர்த்தருடைய ஜெபத்தைத் தமிழில் ஒரு பிழை இல்லாமல் சொல்வார்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், ஒரு மாலையில் செம்பனார்கோயில் பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த அண்ணன் எனக்குப் போன் செய்தார். பொறையார் பஸ் எங்கே நிற்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போனைப் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் என்னிடம், "இந்தத் தம்பி அரை மணி நேரமா இங்கதாம்மா நிக்கிறாரு, ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடம் அவர்களைப் பார்த்துக்கொண்டது நாங்கள்தானே.

## ஊருக்குள் தனி வாடகை வீடு

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. வாசலில் பால்காரர், எதிரில் மளிகை, முனையில் இஸ்திரி வண்டி. டெல்டா மேடு பள்ளம் இல்லாத மண் என்பதால் ஒரு சைக்கிள் இருந்தால் போதும், நான்கைந்து கிலோமீட்டர் தாராளமாகச் சுற்றி வரலாம். தன் சமையல், தன் சாவி, தன் நேரம். யாரும் எந்தத் தெருவிலிருந்தும் வந்து கதவைத் தட்டலாம், அதுவும் தெருவை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்திருந்தால்தான்.

வீடு கிடைப்பதுதான் முதல் தடை. வெளிநாட்டுக்காரர் என்றால் சிலர் வாடகையைக் கூட்டுவார்கள், சிலர் போலீஸ் வருமோ என்று பயப்படுவார்கள். என்ன வேலையாக வருகிறார் என்று கேட்டால் மழுப்பாதீர்கள். சபை ஊழியத்துக்கு வருகிறார், மிஷனரி விசா, இன்ன இடத்தில் வேலை என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் அந்த வீடு நமக்கு வேண்டாம். பாதியில் தெரியவந்து காலி செய்யச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். அதுபோலவே அசைவம் சமைக்கலாமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நடைமுறையில் அதிகமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் வெளிநாட்டவர் முகவரிக்கு அந்த ஒப்பந்தத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு சமாளிக்கும் பழக்கம் இங்கே உதவாது.

அடுப்புக்கு வழி இருக்கிறது. 14.2 கிலோ வீட்டு கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும், அதற்கு நாளாகும். அதுவரை 5 கிலோ சின்ன சிலிண்டர். இண்டேனில் 'சோட்டு' என்று விற்கிறார்கள். அதற்கு அடையாளச் சான்று போதும், முகவரிச் சான்று தேவையில்லை. ஒரு ஆள் சமையலுக்கு அதுவே தாராளம். துணைக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கட்டும். கரண்ட் போனால் கேஸ், கேஸ் தீர்ந்தால் கரண்ட்.

வங்கிக் கணக்கு திறக்கிறவரை ஜிபே கிடையாது. சில்லறையாக ரொக்கம் வைத்திருக்கப் பழக்குங்கள். மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற ஏற்பாடு செய்துகொடுத்தால் நல்லது. கடைக்காரர் எழுதிய நோட்டைப் படித்துப் படித்தே 'து.பருப்பு', 'ந.எண்ணெய்' என்று சுருக்கி எழுதுகிற நம் கணக்குத் தமிழும் பழகிவிடும்.

தனி வீட்டின் பெரிய செலவு தனிமை. ஒரு ஐப்பசி மாதம், நர்ஸ் ஒருவர், அவரை நான் இங்கே நர்ஸம்மா என்றே சொல்கிறேன், கடுமையான காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் ஊரில் இல்லை. சபையிலிருந்து யாரும் போகவில்லை, அவர் வெளியூர் போயிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். முதல் நாள் பால் பாக்கெட் கதவுக் கொக்கியில் தொங்கியது. இரண்டாம் நாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாம் நாள் பாக்கெட்டை மாட்ட வந்த பால்காரர், முதல் பாக்கெட் உப்பிப் போய்க் கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டி, பதில் வராமல், எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் அன்று தட்டாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அதற்குப் பிறகு தனி வீட்டில் இருப்பவருக்கு, பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவியும், தினமும் காலையில் பேசுகிற ஒரு ஆளும் இல்லாமல் நான் வீடு பிடிப்பதில்லை.

## குடும்பத்தோடு மாடி போர்ஷன்

கீழே வீட்டுக்காரர், மேலே ஒரு ரூம், சமையல் மேடை, பாத்ரூம், மொட்டை மாடி. கீழே குழம்பு கொதிக்கிற வாசனை மேலே வரும். நர்ஸம்மா முதலில் வந்தபோது ஏழு மாதம் இருந்தது இப்படி ஒரு போர்ஷனில்தான்.

வீட்டுக்கார அக்கா கூடை வைத்துக்கொண்டு வரும் மீன்கார அம்மாவிடம் பேரம் பேசுவதை அவர் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் தானே இறங்கி வந்தார். மீன்கார அம்மா வாழையிலையில் சங்கரா மீனைப் பிரித்துக் குவித்துவிட்டு "கூறு நூறு" என்றார். நர்ஸம்மா வகுப்பில் படித்த பாடத்தில் 'கூறு' என்றால் 'சொல்' என்று அர்த்தம். அதனால் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து, நிதானமாகத் தன் பெயரையும், எந்த ஊர் என்பதையும், என்ன வேலைக்கு வந்தார் என்பதையும் சொன்னார். மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு இலையில் இருந்த குவியலைத் தொட்டு, "இதுதான் கண்ணு கூறு" என்றார். அன்றிலிருந்து அவருக்குக் கூறில் எப்போதும் ஒரு மீன் கூடுதல்தான். எந்த வகுப்பும் இதைச் சொல்லித்தராது. கீழே அக்கா இருந்ததால்தான் அவருக்கு இறங்கி வர தைரியம் வந்தது.

சரி, மறைந்த செலவு. முதலில் மின்சாரம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். கீழ் வீடும் மேல் போர்ஷனும் ஒரே மீட்டர் என்றால், மேலே ஒரு ஏசி ஓடினாலே வீட்டுக்காரர் பில் எகிறும். சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினாலும் அந்த ஏற்றம் கணக்கில் வராது. அக்காவுக்கு வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கும், மனதுக்குள் வைத்துக்கொள்வார். மேலே தனி மீட்டர் இருக்கிற போர்ஷனாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், கூடுகிற பில்லை முழுவதும் வாடகைதாரரே கொடுப்பது என்று முதல் நாளே நீங்கள் பேசி முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, கதவு. நம் வீடுகளில் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற பழக்கம் இல்லை. ஞாயிறு மதியம் அவர் கொஞ்சம் படுத்திருப்பார், பிள்ளைகள் நேராக உள்ளே போய் நிற்கும். தனியாக இருந்து பழகியவருக்கு மூன்றாவது மாதத்தில் இது பாரமாகிவிடும். இரவு ஒன்பதரைக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதும் அப்படித்தான்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. ஒரு குடும்பத்தின் மாடியில் இருக்கிறவர் சபையின் கண்ணில் அந்தக் குடும்பத்து ஆள் ஆகிவிடுகிறார். அந்தக் குடும்பம் சபைத் தேர்தலில் ஒரு பக்கம் நின்றால், மறு பக்கத்தார் மாடியேற மாட்டார்கள். அதனால் குழுவில் பதவியில் இருக்கிறவர் வீட்டு மாடி வேண்டாம். சபையில் எல்லோரோடும் பேசுகிற, எதிலும் முன்னால் நிற்காத வீடு ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். வேற்று மதத்துக்காரர் வீடாக இருந்தாலும் நல்லதே. நர்ஸம்மா இருந்தது அப்படி ஒரு வீடுதான். கார்த்திகைக்கு மாடிச் சுவரில் அகல் வைக்க அக்காவோடு சேர்ந்து அவரும் திரி திரித்தார்.

## காகித வேலை, மூன்றுக்கும் பொது

வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். சி-ஃபார்ம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இது லாட்ஜுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் உண்டு. காம்பவுண்ட் என்றால் சபை செய்யும். வாடகை வீடு, மாடி போர்ஷன் என்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும், அவருக்குத் தெரியாது, எனவே நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஒரு வீட்டுக்காரரை மாட்டிவிடாதீர்கள்.

180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவையும் முடிக்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாவட்டத்தில் இதற்கு அதிகாரி எஸ்.பி. என்பதால் விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வருவார், தெருவில் பேச்சு கிளம்பும். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீடு மாறினாலும் தகவல் கொடுக்க வேண்டும், அதனால் அடிக்கடி மாற்றுகிற யோசனை வேண்டாம். பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் ஆதாருக்கும் விண்ணப்பிக்கலாம். அது வந்துவிட்டால் கேஸ், சிம், வங்கி எல்லாம் பாதி வேலைதான்.

தமிழ் வம்சாவளியில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு கொடுக்கிற ஓ.சி.ஐ. கார்டு இருக்கிறது, விசா தேவையில்லை என்று நினைத்து வந்துவிடுகிறார்கள். சுற்றிப் பார்க்க, உறவினரோடு இருக்க அது சரி. மிஷனரி வேலைக்கு ஓ.சி.ஐ. வைத்திருப்பவரும் தனி அனுமதி வாங்கியாக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | மிஷன் காம்பவுண்ட் | தனி வாடகை வீடு | மாடி போர்ஷன் |
|---|---|---|---|
| கடை, பஸ் | பக்கத்தில் இருந்தாலும் போக விடமாட்டார்கள் | தானே போயாக வேண்டும் | அக்காவோடு போய், பிறகு தானே |
| தமிழ் பழகுவது | மெதுவாக | போகப்போக வேகம் | முதல் நாளிலிருந்தே |
| அட்வான்ஸ் | இல்லை | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | கூரை, மரம், நன்கொடைச் சட்டச் சிக்கல் | தனிமை, வீட்டுச் சாமான் | மின் கட்டணம், குடும்பத்தின் நேரம் |
| சி-ஃபார்ம் | சபை | வீட்டுக்காரர், நம் உதவியோடு | வீட்டுக்காரர், நம் உதவியோடு |
| காய்ச்சல் வந்தால் | ஆள் உண்டு | ஏற்பாடு செய்திருந்தால்தான் | கீழேயே ஆள் |
| கதவைச் சாத்தி இருக்க | முடியும் | முடியும் | கஷ்டம் |
| சபையில் எல்லோரும் வருவது | வருவார்கள், ஆனால் விருந்தாளியைப் பார்க்க வருவதுபோல | தெருவைப் பொறுத்தது | குடும்பத்தைப் பொறுத்தது |

## யாருக்கு எது

தனி ஆள், தமிழ் தெரியாது, ஒரு வருடத்துக்கு மேல் இருப்பார் என்றால் முதலில் மாடி போர்ஷன், ஆறு ஏழு மாதம் கழித்து அதே ஊரில் தனி வாடகை வீடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நர்ஸம்மா அப்படித்தான் மாறினார். அதே மளிகை, அதே பால்காரர், அதே மீன்கார அம்மா. அந்தக் காய்ச்சலில் பால்காரர் கதவைத் தட்டியதற்குக் காரணமும் முந்தைய ஏழு மாதப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு மாற்றத்துக்குக் காகிதம் இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும், பரவாயில்லை.

தமிழ் பேசத் தெரிந்தவருக்கு நேராகத் தனி வீடே போதும். மலேசியாவிலிருந்து வந்த பையனுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டாம் வாரமே உழவர் சந்தையில் எந்தக் கடையில் வெண்டைக்காய் பிஞ்சாக இருக்கும் என்று எனக்குச் சொன்னான்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிற குடும்பம், அறுபது வயதைத் தாண்டியவர், இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் வருகிறவர், இவர்களுக்குக் காம்பவுண்ட்தான் சரி. மாடிப்படி ஏற முடியாதவரைப் போர்ஷனில் வைத்துக் கஷ்டப்படுத்தக் கூடாது. ஆனால் ஒரு கட்டாயம் வையுங்கள்: பாலும் காய்கறியும் அவர்களே போய் வாங்க வேண்டும். உபதேசியாரிடமும் தோட்டக்காரரிடமும் இதைச் சொல்லி, அவர்கள் மனம் புண்படாமல் விளக்க வேண்டியது உங்கள் வேலை. நான் அந்தத் தம்பதி விஷயத்தில் செய்யத் தவறியது இதைத்தான்.

கடலை ஒட்டிய வீடு மூன்றிலும் வேண்டாம். காற்று நன்றாக வரும் என்று கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் நாம் மறந்துவிடவில்லை. தவிர உப்புக் காற்றில் ஃப்ரிட்ஜும் சைக்கிளும் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

வீடு பார்க்கிற காலமும் முக்கியம். பங்குனி, சித்திரையில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் கார்த்திகை மாதம், இரண்டு நாள் அடைமழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, தெரு வாய்க்கால் எந்தப் பக்கம் வழிகிறது, அந்த வீட்டு வாசலுக்குச் செருப்போடு போக முடிகிறதா என்று தெரிந்துவிடும். வருகிறவர் தை மாதம் வந்து இறங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சம்பா அறுப்பு நடக்கிற நேரம், ஊரே வெளியில் இருக்கும்.

அவர் வருவதற்கு முந்தின நாள் நான் வீட்டில் வைப்பது இவ்வளவுதான்: ஒரு பக்கெட், மக், கொசுவலை, 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, பால் காய்ச்ச ஒரு பாத்திரம், டார்ச், துணிப்பை, முதல் பக்கத்தில் பத்து போன் நம்பர் எழுதிய ஒரு நோட்டு. அரிசி, பருப்பு, சர்க்கரை எதுவும் வாங்கி வைப்பதில்லை. அதற்குப் பதில் எதிர் மளிகைக் கடைக்குப் போய், நாளைக்கு ஒருவர் வருவார், கைகாட்டினாலும் பொறுமையாக இருங்கள், தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன்.